விளையாடி முடிக்காமல் எழுதிய விமர்சனம்

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களில் எது நன்றாக இருக்கிறது, எது சரியில்லை என்று என் கருத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடம் கேம்களைப் பற்றி எழுதியே சம்பளம் வாங்கியவளுக்குக் கருத்து சொல்வது கஷ்டமா என்று நினைத்திருப்பீர்கள். கருத்துகள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் அவற்றில் பாதி, நான் செய்த ஒரு தவறுக்குப் பிறகு வந்தவை. தவறை மறைத்துவிட்டுக் கருத்தை மட்டும் கொடுத்தால், அதே தவறை இன்னொரு முறை செய்தவளாவேன்.

உங்களில் பலர் கால்பந்து கேம்களும் துப்பாக்கி கேம்களும் விளையாடி வளர்ந்து இந்த வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜப்பானிய ஆர்பிஜி (ரோல்-பிளேயிங் கேமைச் சுருக்கி அப்படிச் சொல்வோம்) என்பது நீண்ட பயணம். நான்கைந்து பேர் சேர்ந்து ஊர் ஊராகப் போவார்கள். ஊரில் இருக்கும் எல்லோரிடமும் பேசலாம். வழியில் சண்டை வந்தால், பழைய வகை கேம்களில், எதிரி ஒரு முறை, நாம் ஒரு முறை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். நம் முறை வந்ததும் கேம் நின்றுவிடும். நாம் பொத்தானை அழுத்தும் வரை ஒன்றும் நடக்காது. ஒரு கேமை முடிக்க அறுபது, எழுபது மணி நேரம் ஆகும்.

அந்தத் தவறைச் செய்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மாட்டுங்காவில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் குடியிருந்து, தினமும் விக்ரோலியில் இருந்த நம் பழைய அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்திரிகையாக இருந்த காலம் முடிந்து இணையதளமாகியிருந்தோம். விமர்சனங்கள் ஆங்கிலத்தில்தான். விமர்சனப் பிரிவுக்கு என்னைத் தலைவியாக்குவது என்று எங்கள் ஆசிரியர் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு ஜப்பானிய ஆர்பிஜியின் பிரதி, இங்கே கடைகளுக்கு வரும் முன்பே விமர்சனத்துக்காக வந்தது. திங்கள் காலை விமர்சனம் வெளியாக வேண்டும். எழுபது மணி நேர கேம், கையில் நான்கு நாள், நடுவில் முடிக்க வேண்டிய வேறு இரண்டு கட்டுரைகள். நீங்களும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பீர்கள். நான் இருபத்தாறு மணி நேரம் விளையாடினேன். ஜப்பானில் அந்த கேம் முன்பே வெளியாகியிருந்ததால் கதைச் சுருக்கம் இணையத்தில் கிடைத்தது. அரைகுறையான இயந்திர மொழிபெயர்ப்பில் அதைப் படித்து முடிவைத் தெரிந்துகொண்டேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

அந்த கேமில் நான்கு பேர் பயணம் போகிறார்கள். ஒரு படகோட்டிப் பையன், ஒரு திருடன், ஒரு மந்திரக்காரப் பெண், படையிலிருந்து ஓடிவந்த ஒரு வயதான சமையல்காரர். சமையல்காரர் சண்டையில் யாரையும் அடிக்க மாட்டார். அவர் முறை வந்தால் மெதுவாகக் குனிந்து, மூட்டையைப் பிரித்து, எதையாவது கிளறி மற்றவர்களுக்குக் கொடுப்பார். அவர்களுக்குத் தெம்பு வரும். ஒவ்வொரு முறையும் அதற்கு நான்கு நொடி. பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. கதை நகரவில்லை, சண்டைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்றெல்லாம் எழுதிவிட்டு, ‘கடைசி வரை இந்தச் சமையல்காரர் ஒரு சுமைதான்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பத்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். வரி நன்றாக வந்திருப்பதாக ஆசிரியர் பாராட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, கேம் கடைகளுக்கு வந்து சில நாள் ஆன பிறகு, கட்டுரைக்குக் கீழே ஒரு வாசகர் கருத்து எழுதியிருந்தார். பெயர் சாகுல். இலக்கணம் தடுமாறும் ஆங்கிலம். சமையல்காரர் கடைசி வரை வருவதில்லை, பாதியில் போய்விடுகிறார், நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருந்தார். கோபமே இல்லாத கேள்வி. நான் படித்த கதைச் சுருக்கத்தில் அது இல்லை.

படித்ததும் பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அவசரத்தில் இருப்பவர். வார்த்தையை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார் என்றார். ‘கடைசி வரை’ என்று இருந்ததை ‘முதல் பாதி முழுவதும்’ என்று மாற்றினேன். திருத்தியதாக எங்கும் குறிப்பிடவில்லை. ஒரு நிமிட வேலை. அன்று சாயங்காலம் நிம்மதியாகவே ரயில் ஏறினேன்.

ஒரு வாரம் போல அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. திறந்தபோது சாகுலின் கேள்விக்குக் கீழே வரிசையாகப் பதில்கள் இருந்தன. கடைசி வரை என்று அந்த அம்மாள் எங்கே எழுதியிருக்கிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் ஆங்கிலம் கற்றுக்கொண்டு வா என்று இன்னொருவர். இவன் கேமில் வரும் வசனத்தை எப்படிப் படித்தான் என்று கேட்டு ஒருவர் சிரித்திருந்தார். மூன்றாவது வகுப்பு ஆங்கிலப் பாடத்திலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்து ஒருவர் போட்டிருந்தார். சாகுல் ஒரே ஒரு முறை பதில் சொல்லியிருந்தார். நான் படித்தபோது அப்படித்தான் இருந்தது என்று. அதற்கும் சிரித்திருந்தார்கள். அதன் பிறகு அவர் எழுதவில்லை.

முதல் தவறு அவசரத்தில் நடந்தது. அதற்கு நான்கு நாள் கெடுவைக் காரணம் காட்டலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. உண்மையைச் சொன்ன ஒருவரை, நான் ஒரு வார்த்தையை மாற்றி, வாசிக்கத் தெரியாதவராக ஆக்கியிருந்தேன். அதைச் செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாற்றியபோது அவரை நான் நினைத்தே பார்க்கவில்லை. நினைத்தது என்னை மட்டும்தான்.

நாலு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து கேமைத் தொடர்ந்தேன். நாற்பதாவது மணி நேரத்துக்குக் கொஞ்சம் பிறகு, நோய் பரவிய ஓர் ஊரில் நான்கு பேரும் தங்குகிறார்கள். விடிந்ததும் மூன்று பேர்தான் எழுந்திருக்கிறார்கள். அந்த ஊரில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் எதிரிப்படை நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சப் போன சமையல்காரர் திரும்பவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, பின்னணி இசை கூட இல்லை. மூன்று பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அடுத்த சண்டையில் படகோட்டி அடித்தான், திருடன் அடித்தான், மந்திரக்காரி அடித்தாள். பிறகு திரை அப்படியே நின்றது. கேமில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். நான்கு நொடி. பிறகு எதிரியின் முறை வந்தது. அடுத்த சுற்றிலும் அதே நான்கு நொடி. அப்போதுதான் புரிந்தது. அது சமையல்காரரின் முறை. அவர் இடத்தை கேம் யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசிச் சண்டை வரை அந்த நான்கு நொடி வந்துகொண்டே இருந்தது. சுமை என்று நான் எழுதியது அந்த நான்கு நொடியைத்தான்.

இதையும் சொல்ல வேண்டும். நூறாவது சண்டை வாக்கில் எனக்கு அந்த இடைவெளியே அலுத்துவிட்டது. சீக்கிரம் அடுத்த முறை வரட்டும் என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த அலுப்புக்காக வெட்கப்பட்டேன். ஆனால் அதுவும் உண்மைதான் என்று பிறகு தோன்றியது.

கேமை முடித்துவிட்டு மதிப்பெண்ணைப் பற்றி நேர்மையாக யோசித்தேன். முதல் பதினைந்து மணி நேரம் அசட்டுத்தனமாக இழுக்கிறது. மந்திரக்காரப் பெண்ணுக்குக் கொடுத்த உடையையும் அவள் வாயில் வைத்த பேச்சையும் பார்த்தால், எழுதியவர்கள் ஒரு பெண்ணிடமாவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருப்பார்களா என்று சந்தேகம் வருகிறது. நிறம் மட்டும் மாறி அதே எதிரிகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். துக்கத்தைச் சொல்லாமல் விடத் தெரிந்த அதே ஆட்கள், நட்பைப் பற்றி மட்டும் மூன்று முறை பிரசங்கம் செய்கிறார்கள். ஐந்து ஐந்தாகவே இருந்தது. ஆனால் முன்பு போட்டது ஊகம். இப்போது போட்டது என் ஐந்து.

சாகுல் கருத்து எழுதப் பதிவு செய்திருந்த மின்னஞ்சலுக்கு, நேரில் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு தாராவி முகவரி ஒன்றும், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரவும் என்ற ஒரு வரியும் வந்தன.

தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் அவர்களுடைய கார்கானா, அதாவது தோல்பைப் பட்டறை, இருந்தது. கீழே பை தைக்கிறார்கள். இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஒரு சின்ன அறை, அங்கே தோல் சுருள்களுக்கு நடுவில் ஒரு பழைய டிவி. சாகுலுக்கு முப்பது வயதிருக்கும். அவருடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்து தொடங்கிய தொழில். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கீழே இருந்த பையனிடம் சாயா வாங்கி வரச் சொன்னார். க்ளாஸை என்னிடம் நீட்டியபோதுதான் பார்த்தேன், வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. தோல் வெட்டும் பிரஸ்ஸில் போனது என்றார். அதற்கு முன்பு துப்பாக்கி கேம்களில் அந்தச் சந்திலேயே தன்னை யாரும் ஜெயித்ததில்லை என்றும், அதன் பிறகு பொத்தான்களுக்கு விரல் ஓடவில்லை என்றும் சொன்னார். ஒரு நண்பர் கொண்டுவந்து கொடுத்த பழைய ஜப்பானிய ஆர்பிஜியில்தான் மறுபடியும் விளையாட ஆரம்பித்திருக்கிறார். அது நம் முறை வந்தால் நிற்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கே நிறுத்தினேன், எப்போது வார்த்தையை மாற்றினேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாயாவைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"மாத்துனது எனக்குப் பெருசு இல்ல மேடம். மாத்திட்டு சும்மா இருந்திய பாருங்க, அதுதான்" என்றார்.

பிறகு அவரே தொடர்ந்தார்.

"நான் ஏழாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். வேற எதுலயும் நான் வாசிச்சு முடிக்கதுக்குள்ள எழுத்து ஓடிப்போயிரும். இதுல நான் பட்டன அமுக்குற வரைக்கும் நிக்கும். ஒரு வார்த்தை தெரியலன்னா போன்ல பாத்துட்டு வருவேன். அப்பமும் நிக்கும். அப்படித்தான் கத்துக்கிட்டேன். அதுலயே எனக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லிட்டானுவ."

வசனப் பெட்டிகள் தானாக நகர்வதில்லை, ஒவ்வொன்றுக்கும் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதை நான் அதுவரை குறைந்தது பத்து விமர்சனங்களில் குறையாக எழுதியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

பிறகு கேமைப் பற்றிப் பேசினோம். அவர் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறவர் இல்லை. தொடக்கம் அறுவை என்பதை ஒத்துக்கொண்டார். மந்திரக்காரி வரும் காட்சிகளில், வீட்டுக்கு யாராவது வந்தால் டிவியை அணைத்துவிடுவாராம். உலகத்தைக் காப்பாற்ற எப்போதும் பதினாறு வயதுப் பையன்தானா, கடன் கட்டுகிற வயதில் ஒருத்தன் கூடக் கிடைக்கவில்லையா என்று கேட்டார். ஆனால் இந்த கேம்களில் ஓர் ஊரில் ஏதாவது நடந்தால், வேலியோரம் சும்மா நிற்கிற ஆள் கூட மறுநாள் அதைப் பற்றிப் பேசுகிறான் என்றார். யாரையும் விட்டுவிட மாட்டார்கள், அதுதான் தனக்குப் பிடித்தது என்றார்.

மதிப்பெண்ணை நான் மாற்றப் போவதில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"மார்க்க மாத்தாதிய. அது உங்க மார்க்கு. எங்க நிப்பாட்டுனியன்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய், நடந்ததைக் கட்டுரையிலேயே எழுதப் போகிறேன் என்றேன். மதிப்பெண் மாறவில்லை என்றால் பிரச்சினையே இல்லையே என்றார். கேலி செய்த கருத்துகளை அழித்துவிடலாம் என்றார். சாகுலைக் கேலி செய்தது மட்டுமல்ல தவறு, அவர் சொன்னது சரி, அந்தச் சரி எங்குமே பதிவாகவில்லை என்றேன். அதற்கு ஆசிரியர் சொன்ன பதிலை நீங்களும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. நீ ஒருத்தி இப்படி எழுதினால், இந்த அறையில் இருக்கும் எட்டுப் பேரையும் நாளையிலிருந்து யாரும் நம்ப மாட்டார்கள், அவர்கள் சார்பில் இதைச் செய்ய உனக்கு என்ன உரிமை என்று கேட்டார்.

என் பெயரில் மட்டும் போடுங்கள் என்றேன். அப்படியானால் விமர்சனப் பிரிவுப் பொறுப்பு உனக்கு வராது, அது புரிகிறதா என்றார். குரல் உயர்த்தவில்லை. புரிகிறது என்றேன். மகள் கல்லூரியில் சேரும் வருடம் அது. அந்தப் பதவியை நம்பி வீட்டில் சில திட்டங்கள் இருந்தன. மேஜைக்குத் திரும்பி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சாகுல் கூட மறுபடி கேட்க மாட்டார். அதை நினைத்த பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

ஆறு வரிதான். எழுபது மணி நேர கேமில் இருபத்தாறு மணி நேரம் விளையாடிவிட்டு ‘கடைசி வரை’ என்று எழுதினேன், அது பொய். சாகுல் என்ற வாசகர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நான் ரகசியமாகத் திருத்தியதால் அவர் தவறாகப் படித்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அவர் சரியாகத்தான் படித்தார். இப்போது கேமை முடித்துவிட்டேன். மதிப்பெண் அதேதான், காரணங்கள் வேறு, அவை கீழே. இதைக் கட்டுரையின் தலையில், படத்துக்கும் மேலே போட்டேன்.

நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். சில மாதம் நிறைய வசவு வந்தது. என் பழைய விமர்சனங்களையெல்லாம் தோண்டி, இதையாவது முடித்தாயா என்று கேட்டார்கள். சிலவற்றுக்கு இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விநியோகஸ்தர் எங்களுக்கு முன்கூட்டிப் பிரதி அனுப்புவதை நிறுத்தினார். பொறுப்பு வேறொருவருக்குப் போனது. பக்கத்து மேஜைக்காரர் இரண்டு வாரம் என்னுடன் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே நிறுத்தினேன் என்று எழுதினால் அது எப்படி இருக்கும், ஒரு மாதிரி காட்டு என்றார். அப்படி இரண்டு பேர், பிறகு நான்கு பேர். ஒவ்வொரு விமர்சனத்தின் தொடக்கத்திலும் எவ்வளவு தூரம் விளையாடினீர்கள் என்று நிரப்பச் சொல்லி உங்களிடம் கேட்கும் கட்டம் அப்படி வந்தது. யாரோ மேலிடத்தில் யோசித்துப் போட்ட விதி என்று நினைத்திருப்பீர்கள்.

இனி நீங்கள் கேட்ட கருத்து. ஜப்பானிய ஆர்பிஜிகள் நம் நேரத்தை மதிப்பதில்லை. ஒரு வேலையும் குடும்பமும் உள்ள மனிதரிடம் எழுபது மணி நேரம் கேட்டுவிட்டு, அதில் இருபதை வீணடிக்க அவற்றுக்குக் கூச்சமில்லை. பெண்களை எழுதுவதில் பல இன்னும் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை. நல்ல காட்சியை நம்பாமல் அதை விளக்க ஆரம்பித்துவிடுகின்றன. அதே சமயம், ஒரு மனிதரோடு நாற்பது மணி நேரம் நடந்த பிறகு அவர் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்ல முடியாது. அலுப்பும் சேர்ந்துதான் அந்தப் பழக்கம். வேகமாகக் கை ஓடாதவரையும், வேகமாகக் கண் ஓடாதவரையும் அவை வெளியே நிறுத்துவதில்லை. இப்போது வரும் பலவற்றில் எல்லாமே பாய்ச்சலாகிவிட்டது. அதை முன்னேற்றம் என்று எழுதும்போது, யாருக்கு முன்னேற்றம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வரி வெளியான பிறகு, சாகுலைக் கேலி செய்தவர்களில் ஒருவர் கூடத் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கருத்துகளை அழிக்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாம், கெடக்கட்டும் என்றார்.

சில மாதம் கழித்து இன்னொரு முறை கார்கானாவுக்குப் போனேன். ஒரு யோசனை இருந்தது. ஆங்கிலத்தை நான் சரிபார்த்துத் தருகிறேன், இந்த வகை கேம்களுக்கு நீங்களே விமர்சனம் எழுதுங்கள், ஆசிரியரிடம் பேசிவிட்டேன் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் டிவியில் ஏதோ ஊரில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வசனத்தை உதட்டசைத்துப் படித்து முடித்து, பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பினார்.

"எனக்கு வேண்டாம் மேடம். எழுத ஆரம்பிச்சா எனக்கும் அவசரம் வந்துரும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் கேமில் அடுத்த ஆளிடம் பேசப் போனார். நான் பக்கத்திலிருந்த தோல் சுருள் மேல் உட்கார்ந்து, அவர் படித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.